கார்சன் சிட்டி நாணயச் சாலை மியூசியம்: ஏப் கர்ரி யார் என்று தெரிந்துகொண்டு போங்கள்

லேக் டாஹோவுக்குப் போகிறவர்களில் பலர் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிப் பார்ப்பதே இல்லை. ஏரி, படகு, பனிச்சறுக்கு, அப்புறம் மாநில எல்லையை ஒட்டி நிற்கும் கேசினோக்கள், அத்தோடு வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். 50ஆம் எண் நெடுஞ்சாலையில் ஸ்பூனர் கணவாயைத் தாண்டி இறங்கினால் ஒரு மணி நேரத்துக்குள் கார்சன் சிட்டி வந்துவிடும். நெவாடா மாநிலத்தின் தலைநகரம் அதுதான், லாஸ் வேகஸ் இல்லை. அங்கே வடக்கு கார்சன் தெருவில், ஒரு காலத்தில் அமெரிக்க அரசின் நாணயச் சாலையாக இருந்த கட்டடத்தில் நெவாடா ஸ்டேட் மியூசியம் இயங்குகிறது. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கண்டிப்பாகப் போகலாம், குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம், அரை நாள் ஒதுக்கிப் போகலாம். ஆனால் இந்த ஊரை உண்டாக்கிய ஏப்ரஹாம் கர்ரி என்ற மனிதரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் அந்த ஊரே வேறு மாதிரி தெரியும். தெரியாமல் போனால் யானை எலும்பும் பழைய காசும் பார்த்துவிட்டு வந்த மாதிரிதான் இருக்கும். அதனால் இதில் பாதி மியூசியத்தைப் பற்றியது, பாதி அந்த மனிதரைப் பற்றியது.

முதல் தடவை நான் இந்த ஊரைப் பார்த்தது ஒரு சுற்றுலா நிறுவனத்தின் பஸ்ஸில். கேபிட்டல் என்ற மாநில ஆட்சிக் கட்டடத்தின் முன்னால் நிறுத்தி, போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்லி, உடனே கிளப்பிவிட்டார்கள். நாணயச் சாலை அங்கிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது என்றுகூட யாரும் சொல்லவில்லை. அப்படிப் போவதற்குப் போகாமலே இருக்கலாம்.

சரி, கர்ரிக்கு வருகிறேன். 1815இல் நியூயார்க் மாநிலத்தில் இதாகா பக்கம் பிறந்தவர். தங்க வேட்டைக் காலத்தில் கலிபோர்னியாவுக்கு வந்து, 1858இல், தன் நாற்பதுகளில், சியரா நெவாடா மலையைத் தாண்டி கிழக்குச் சரிவில் இறங்கினார். அந்தப் பக்கத்தில் அப்போது ஊர் என்று சொல்லிக்கொள்ள இருந்தது ஜெனோவா மட்டும்தான். அங்கே மனை வாங்கப் போனாராம், சொன்ன விலை கட்டுப்படியாகவில்லையாம், "அப்படியானால் நாங்களே ஒரு ஊர் உண்டாக்கிக்கொள்கிறோம்" என்று கிளம்பிவிட்டாராம். நெவாடாவில் இன்றும் சொல்லும் கதை இது. கதையில் எவ்வளவு மெருகு ஏறியிருந்தாலும் சரி, அடுத்து அவர் செய்தது நிஜம். மஸ்ஸர், ப்ராக்டர், கிரீன் என்ற மூன்று கூட்டாளிகளோடு ஈகிள் பள்ளத்தாக்கில் இருந்த ஈகிள் ராஞ்ச் என்ற பண்ணையை வாங்கி, தெரு பிரித்து, மனை அளந்து, நடுவில் பத்து ஏக்கரைத் தனியாக ஒதுக்கி வைத்தார். எதற்கு? மாநிலத் தலைமைச் செயலகம் கட்டுவதற்கு!

இது எப்பேர்ப்பட்ட துணிச்சல் என்று புரிய அந்தக் காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 1858இல் நெவாடா என்று ஒரு மாநிலம் கிடையாது, பிரதேசமும் (மாநிலமாகும் முன் மத்திய அரசின் கீழ் இருக்கும் பகுதி) கிடையாது. அந்த நிலம் யூட்டா பிரதேசத்தின் மேற்கு ஓரம், அதிகார மையம் எட்டாத தூரத்தில் சால்ட் லேக் சிட்டியில். கண்ணுக்கு எட்டிய வரை சேஜ்பிரஷ் புதரும் மணலும்தான். காம்ஸ்டாக் வெள்ளிச் சுரங்கம் கண்டுபிடிக்கப்பட்டது மறுவருடம், 1859இல். ஆக, வெள்ளி கிடைக்கும் என்று தெரிவதற்கு முன்பே, அரசாங்கமே இல்லாத இடத்தில், அரசாங்கத்துக்கு இடம் ஒதுக்கியவர் இவர். இன்று அந்தப் பத்து ஏக்கரில்தான் கேபிட்டல் நிற்கிறது. வடக்குப் பக்கம் மஸ்ஸர் தெரு, அதற்கு மேலே ப்ராக்டர் தெரு, மேற்கே ஒரு தெரு தள்ளி கர்ரி தெரு. கூட்டாளிகளின் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடக்கலாம்.

அந்த நிலத்தை விற்றவரும் வாங்கியவரும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டார்கள், ஆனால் ஈகிள் பள்ளத்தாக்கு வாஷோ பழங்குடி மக்களின் நிலம். அவர்கள் யாருக்கும் விற்கவில்லை, அவர்களிடம் யாரும் கேட்கவும் இல்லை. கர்ரியைப் புகழ்ந்து எழுதும் பலரும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. மியூசியத்தில் இதற்கென்று பார்க்க வேண்டியவை இருக்கின்றன, பின்னால் சொல்கிறேன்.

1861 மார்ச் 2இல் நெவாடா பிரதேசம் உருவாகிறது. ஜேம்ஸ் நை கவர்னராக வருகிறார், ஓரியன் கிளெமென்ஸ் செயலாளர். ஓரியனோடு ஒட்டிக்கொண்டு வந்த தம்பி சாமுவேல்தான் பிற்பாடு மார்க் ட்வைன் என்ற பெயரில் எழுதிப் புகழ்பெற்றவர். அக்டோபர் 1இல் முதல் பிரதேச சட்டமன்றம் கூட வேண்டும். உட்கார இடமில்லை. வாடகைக்கு எடுக்கப் பணம் இல்லை, கடனுக்குக் கொடுக்க யாரும் தயாரில்லை. கர்ரி ஊருக்குக் கிழக்கே, ஏறக்குறைய இரண்டு மைல் தள்ளி, வெந்நீர் ஊற்றுக்குப் பக்கத்தில் வார்ம் ஸ்பிரிங்ஸ் ஹோட்டல் என்று ஒரு கல் கட்டடம் கட்டியிருந்தார். "அதை எடுத்துக்கொள்ளுங்கள், வாடகை வேண்டாம்" என்றார். அதோடு விடவில்லை. ஊரிலிருந்து உறுப்பினர்களைக் கூட்டிவரக் குதிரை இழுக்கும் டிராம் வண்டி, அதுவும் இலவசம். உட்கார பைன் மர பெஞ்சு, நாற்காலி. தரையில் விரிக்கக் கம்பளம் இல்லாததால் மரத்தூள் கொட்டினார்கள், துப்புவதற்கும் அது வசதியாக இருந்தது என்கிறார் ட்வைன்.

இரண்டு அவைகளும் ஒரே கட்டடத்தில் என்பதால் நடுவே ஒரு கேன்வாஸ் துணியைத் தடுப்பாகக் கட்டினார்கள். அதற்கான செலவு மூன்று டாலர் நாற்பது சென்ட். வாஷிங்டன் அதை ஒத்துக்கொள்ளவில்லை. மண்டபம் இலவசமாகக் கிடைத்ததே என்று ஓரியன் எடுத்துச் சொல்லியும் கேட்காமல், அந்தத் தொகையை அவர் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். ட்வைன் எழுதி வைத்ததால் நமக்குத் தெரிந்த விஷயம் இது. கர்ரி மட்டும் இல்லையென்றால் அந்தச் சட்டமன்றம் பாலைவனத்தில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது ட்வைனுடைய கருத்து. அந்தக் கூட்டத்தொடரில்தான் கார்சன் சிட்டியைத் தலைநகராக அறிவித்தார்கள், பிரதேசத்தை ஒன்பது கவுண்டிகளாக, அதாவது மாவட்டங்களாக, பிரித்தார்கள். பின்னால் கர்ரியே பிரதேச சட்டமன்றத்தில் உறுப்பினராகப் போய் உட்கார்ந்தார்.

இங்கேதான் நான் கர்ரியின் ரசிகர்களோடு கொஞ்சம் மாறுபடுகிறேன். இலவசமாகக் கொடுத்தார், வள்ளல், தியாகி என்றெல்லாம் எழுதுகிறார்கள். அவர் வியாபாரி. ஊர் மனை முழுக்க அவரும் கூட்டாளிகளும் பிரித்தது. தலைநகரம் இங்கே வந்தால் மனை விலை எங்கே போகும் என்று அவருக்குத் தெரியாதா? ஹோட்டலை அரசாங்கத்துக்கு இலவசமாகக் கொடுத்ததற்கு மறு வருடமே, 1862இல், அதையே சிறைச்சாலையாகப் பிரதேசத்துக்கு வாடகைக்கு விட்டார், அவரே முதல் வார்டன். 1864இல் கட்டடம், குவாரி, நிலம் எல்லாவற்றையும் சேர்த்து எண்பதாயிரம் டாலருக்குப் பிரதேசத்துக்கே விற்றார். அந்தக் காலத்தில் அது மிகப் பெரிய பணம். ஊருக்குள் கிரேட் பேசின் ஹோட்டல் என்று இன்னொன்று கட்டி, அதையும் கவுண்டி நிர்வாகத்துக்கு விற்றார். அதில் நீதிமன்றம் நடந்தது, சட்டமன்றமும் கூடியது. கட்டு, கொடுத்துப் பழக்கு, அப்புறம் விற்றுவிடு என்பதுதான் அவர் வழி. சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்துகொண்டு அரசாங்கத்துக்கே சொத்து விற்பதை இன்றைக்கு ஒருவர் செய்தால் பேப்பர்காரர்கள் விடமாட்டார்கள். அன்று ஊரிலேயே வேலை தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான் என்ற நிலை.

ஆனால் இதைச் சொல்லிவிட்டு அடுத்ததையும் சொல்ல வேண்டும். வந்த பணத்தை அவர் எடுத்துக்கொண்டு சான் பிரான்சிஸ்கோவுக்குப் போகவில்லை. காம்ஸ்டாக்கில் கோடி பார்த்தவர்களில் பலர் அங்கேதான் மாளிகை கட்டினார்கள். கர்ரிக்கும் காம்ஸ்டாக்கில் பங்கு இருந்தது, கூல்ட் அண்டு கர்ரி சுரங்கம் என்று அவர் பெயரிலேயே. ஆரம்பத்திலேயே சொற்ப விலைக்கு விற்றுவிட்டார், அந்தச் சுரங்கம் பின்னால் மில்லியன் மில்லியனாக வெள்ளி கக்கியது. அவர் பணமெல்லாம் மறுபடி மறுபடி அந்தப் பள்ளத்தாக்கிலேயே கல்லாகவும் சுண்ணாம்பாகவும் இறங்கியது. எனக்கு அந்த மனிதரிடம் மரியாதை வருவது இந்த இடத்தில்தான்.

இப்போது மியூசியத்துக்கு வருவோம். காம்ஸ்டாக்கில் வெட்டிய தங்கம் வெள்ளியை மலை தாண்டி சான் பிரான்சிஸ்கோ நாணயச் சாலைக்குக் கொண்டுபோகச் செலவும் அதிகம், வழிப்பறியும் அதிகம். அதனால் நெவாடாவிலேயே ஒரு நாணயச் சாலை அமைக்க 1863இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அனுமதி கொடுத்தது. கட்டட வேலை 1866இல் தொடங்கியது. வரைபடம் கருவூலத் துறைக் கட்டடக் கலைஞர் ஆல்பிரட் முல்லட்டுடையது, கட்டுமானப் பொறுப்பு கர்ரியுடையது. கல்? அவரே விற்ற சிறைச்சாலைக் குவாரியிலிருந்து வந்த மணற்கல். கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் ரயில் பாதை 1869இல்தான் முடிந்தது. அதற்கு முன்பே, 1868இல், பிலடெல்பியாவிலிருந்து இயந்திரங்கள் இவ்வளவு தூரம் வந்து சேர்ந்துவிட்டன. 1870 ஜனவரியில் கதவு திறந்தது, கர்ரி முதல் கண்காணிப்பாளர். பிப்ரவரியில் முதல் வெள்ளி டாலர் விழுந்தது.

கட்டடத்துக்குள் நுழையும் முன் வாசல் சுவரில் கையை வையுங்கள். சொரசொரப்பான, வெளிர் பழுப்பு மணற்கல். இதே கல்லைக் கேபிட்டலிலும் பார்ப்பீர்கள், கர்ரியின் சொந்த வீட்டிலும் பார்ப்பீர்கள், ஜெயில் சுவரிலும் பார்ப்பீர்கள். ஒரே குவாரி. ஊரின் முக்கியமான கட்டடங்கள் எல்லாம் ஒரே பாறையிலிருந்து வந்தவை என்று தெரிந்த பிறகு தெருவில் நடக்கும்போது கண் தானாகச் சுவர்களைத் தேட ஆரம்பித்துவிடுகிறது.

உள்ளே எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது முதலாம் எண் நாணய அச்சு இயந்திரம். மார்கன் அண்டு ஓர் என்ற பிலடெல்பியா நிறுவனம் செய்தது, எடை ஏறக்குறைய ஆறு டன். கறுப்பு இரும்பு, மேலே தடித்த வளைவு, பக்கத்தில் பெரிய சக்கரம். ஒரு காலத்தில் அந்த வளைவில் விரிசல் விட்டது, பிலடெல்பியாவுக்கு அனுப்ப முடியுமா? உள்ளூரில் வர்ஜீனியா அண்டு டிரக்கி ரயில் கம்பெனியின் பட்டறையிலேயே சரிசெய்தார்கள், செய்த கையோடு தயாரிப்பாளர் பெயர்த் தகட்டை எடுத்துவிட்டுத் தங்கள் ரயில் கம்பெனியின் தகட்டைப் பொருத்திவிட்டார்கள். கிட்டப் போய் அந்தத் தகட்டைப் படியுங்கள். நாணயச் சாலை மூடிய பிறகு இந்த இயந்திரம் வேறு நாணயச் சாலைகளுக்குப் போய் உழைத்துவிட்டுக் கடைசியில் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறது. 1960களில் நாணயத் தட்டுப்பாடு வந்தபோது, மியூசியப் பொருளாக இருந்த இதையே டென்வர் நாணயச் சாலைக்குக் கொண்டுபோய் மறுபடி காசு அடிக்க வைத்தார்கள்.

இன்னும் ஓடுகிறது என்பதுதான் விசேஷம். குறிப்பிட்ட நாட்களில் இதை இயக்கி நினைவு வில்லைகள் அடித்துக் காட்டுகிறார்கள். வெறும் வெள்ளி வில்லையை மியூசியக் கடையில் வாங்கி நீட்டினால், உங்கள் கண் முன்னாலேயே அச்சில் வைத்து அடித்துக் கையில் கொடுக்கிறார்கள். அச்சு இறங்கும்போது ஒரு கனமான ஓசை, கூடவே தரையில் லேசான அதிர்வு. வில்லையின் விளிம்பு அவ்வளவு கூர்மையாக, பளபளவென்று வரும். அடிக்கிற தன்னார்வலர்கள் ஆர்வமாகப் பேசுகிறவர்கள், கேள்வி கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார்கள். உங்கள் பயணத்தை அந்த நாளுக்குத் தோதாக அமைத்துக்கொள்ளுங்கள், இயந்திரம் ஓடாத நாளில் போனால் பாதி அனுபவம் போச்சு. தேதிகளை மியூசியத்தின் தளத்தில் போடுகிறார்கள்.

நாணயத் தொகுப்பைப் பற்றிக் காசு சேகரிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு மட்டும் சுருக்கமாக. கார்சன் சிட்டியில் அடித்த காசில் 'சிசி' என்று இரண்டெழுத்து முத்திரை இருக்கும், இரண்டெழுத்து முத்திரை கொண்ட ஒரே அமெரிக்க நாணயச் சாலை இதுதான். 1870இலிருந்து 1885 வரை, பிறகு 1889இலிருந்து 1893 வரை, அவ்வளவுதான் இது காசு அடித்த காலம். குறைவாக அடித்ததால் மதிப்பு அதிகம். 1870இல் அடித்த இருபது டாலர் தங்க நாணயம் மொத்தமே 3,789. 1876இல் இருபது சென்ட் வெள்ளிக் காசு பத்தாயிரம் அடித்தார்கள், பெரும்பாலும் உருக்கிவிட்டார்கள், இன்று இருபது சொச்சம்தான் மிச்சம். 1873இல் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் அடித்த ஒரு வகைப் பத்து சென்ட் காசில் இன்று உலகத்தில் இருப்பது ஒன்றே ஒன்று. மியூசியத்தின் 'சிசி' தொகுப்பு பெரியது, வெளிச்சம் சரியாக விழும்படி வைத்திருக்கிறார்கள், முத்திரையைக் கண்ணாலேயே தேடிப் பிடிக்கலாம். குழந்தைகளிடம் "சிசி எங்கே இருக்கிறது கண்டுபிடி" என்று விட்டுவிடுங்கள், நீங்கள் நிம்மதியாகப் பார்க்கலாம்.

கர்ரி நாணயச் சாலைக் கண்காணிப்பாளர் நாற்காலியில் நீடிக்கவில்லை. 1870லேயே பதவியை விட்டுவிட்டு லெப்டினன்ட் கவர்னர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். கையிலிருந்த நல்ல வேலையை விட்டுத் தேர்தலில் இறங்கியது அவர் வாழ்க்கையின் பெரிய தப்பு என்பது என் எண்ணம். கட்டுவதில் அவருக்கு இருந்த கை, ஓட்டு வாங்குவதில் இல்லை.

மியூசியத்தில் மீதி உள்ளவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பிளாக் ராக் பாலைவனத்தில் தோண்டியெடுத்த மாமத் யானையின் எலும்புக்கூடு இருக்கிறது, குழந்தைகள் அங்கிருந்து நகரமாட்டார்கள். அடித்தளத்தில் சுரங்கம் மாதிரியே ஒன்று அமைத்திருக்கிறார்கள்: மரத் தாங்கிகள், தண்டவாளம், தாது வண்டி, மங்கலான வெளிச்சம். இறுக்கமான இடத்தில் மூச்சு முட்டுகிறவர்கள் யோசித்துப் போகவும், மற்றவர்கள் தவறவிட வேண்டாம். நெவாடா என்ற போர்க்கப்பலுக்காக டோனோபா சுரங்க வெள்ளியில் செய்த பரிமாறும் பாத்திரங்கள் பெரிய மேஜை நிறைய இருக்கின்றன, அழகுதான், ஆனால் நான் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை.

நான் நின்றது கூடைகளின் முன்னால். தாட் சோ லா லீ என்ற பெயரில் அறியப்பட்ட வாஷோ பெண்மணி லூயிசா கீசர் பின்னியவை. வில்லோ மரத்தின் மெல்லிய நாரில், தையல் தெரியாத அளவுக்கு நெருக்கமாக, அடி சிறுத்து இடுப்பு பருத்து வாய் மறுபடி குறுகும் வடிவம். சுடர் மாதிரி கறுப்பும் செம்பழுப்பும் கலந்து மேலே ஏறும் கோலம். ஒரு கூடைக்கு மாதக்கணக்கில், சிலவற்றுக்கு ஒரு வருடத்துக்கும் மேல் ஆகியிருக்கிறது. கார்சன் சிட்டியில் துணிக்கடை வைத்திருந்த ஏப் கோன் என்பவர் அவருக்கு வீடும் சாப்பாடும் கொடுத்து, கூடைகளைத் தன் சொத்தாக வைத்துக்கொண்டு விற்றார். 1925இல் அந்தப் பெண்மணி இறந்தார். கர்ரியும் கோனும் மாதிரி வியாபாரிகள் வளர்த்த ஊரில், அந்த நிலத்தின் சொந்தக்காரர்களுக்கு என்ன மிஞ்சியது என்று அந்தக் கூடைகளைப் பார்க்கும்போது தோன்றாமல் இருக்காது. இதைத் தொடர்ந்து பார்க்க விரும்புகிறவர்கள் ஊரின் தெற்கே ஸ்டூவர்ட் இந்தியன் பள்ளி வளாகத்துக்கும் போங்கள். 1890 முதல் 1980 வரை பழங்குடிக் குழந்தைகளுக்கான உறைவிடப் பள்ளியாக இருந்தது, இப்போது கலாச்சார மையமும் மியூசியமும். வீட்டிலிருந்து பிரிக்கப்பட்டு வந்த குழந்தைகளின் கதை அது, மனசு கனக்கும், ஆனாலும் பார்க்க வேண்டும்.

மியூசியத்திலிருந்து வெளியே வந்து நடங்கள். நடைபாதையில் நீலக் கோடு போட்டிருப்பார்கள், கிட் கார்சன் டிரெயில் என்று பெயர், பழைய வீடுகளை எல்லாம் சுற்றி வரும் பாதை. அதில் வடக்கு நெவாடா தெருவில் கர்ரியின் வீடு வரும். 1871 வாக்கில் கட்டியது, அதே மணற்கல். உள்ளே போக முடியாது, தெருவிலிருந்துதான் பார்க்க வேண்டும். ஊருக்கே ஹோட்டல், நாணயச் சாலை என்று பிரம்மாண்டமாகக் கட்டுவித்தவர் தனக்குக் கட்டிக்கொண்டது இந்த அளவான வீடு. அதிலும் அவர் அதிக காலம் இருக்கவில்லை. வர்ஜீனியா அண்டு டிரக்கி ரயில் கம்பெனிக்காக ஒரு பெரிய இன்ஜின் பட்டறை கட்டிக் கொடுத்தார், 1873 ஜூலை 4இல் நடனம் வைத்துத் திறந்தார்கள், அக்டோபர் 19இல் கர்ரி இறந்துவிட்டார். 58 வயது. சாகும்போது சட்டைப் பையில் ஒரு டாலர்தான் இருந்தது என்று சொல்வார்கள். நகரத்தின் லோன் மவுன்டன் கல்லறைத் தோட்டத்தில் புதைத்திருக்கிறார்கள்.

அந்த இன்ஜின் பட்டறை இப்போது இல்லை என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம். நூறு வருடத்துக்கும் மேல் நின்ற கட்டடத்தை 1991இல் இடித்துவிட்டார்கள், கல்லில் ஒரு பகுதி கலிபோர்னியாவில் நாப்பா பக்கம் ஒரு ஒயின் ஆலைக்குப் போய்விட்டது. கர்ரி கையால் கடைசியாக எழுந்த பெரிய வேலை அது. நாணயச் சாலைக்கும் அந்தக் கதி வந்திருக்கக் கூடியதுதான். 1893இல் காசு அடிப்பது நின்று, பிறகு உலோகச் சோதனை அலுவலகமாகச் சுருங்கி, 1933இல் அதுவும் மூடிக் கட்டடம் சும்மா கிடந்தது. கிளார்க் கில்ட் என்ற நீதிபதி முன்நின்று அதை மாநிலத்துக்கு வாங்க வைத்து, 1941இல், நெவாடா மாநிலமான நாளான அக்டோபர் 31இலேயே, மியூசியமாகத் திறந்தார்கள். ஒரு ஆள் மெனக்கெட்டதால் ஒரு கட்டடம் பிழைத்தது, மெனக்கெட ஆள் போதாததால் இன்னொன்று போனது.

ஜெயிலையும் விடாதீர்கள். கர்ரியின் வெந்நீர் ஊற்று ஹோட்டல் இருந்த அதே இடம். பழைய கட்டடம் எரிந்து, திரும்பக் கட்டி, 2012 வரை மாநிலச் சிறைச்சாலையாகவே ஓடியது. 1871இல் இருபத்தொன்பது கைதிகள் தப்பியது இங்கிருந்துதான், துரத்திப் போன இடத்துக்குத்தான் கலிபோர்னியாவில் கான்விக்ட் லேக் என்று பெயர். 1882இல் குவாரித் தரையில் பழங்கால விலங்குகளின் காலடித் தடங்கள் கிடைத்தன. அமெரிக்காவில் விஷவாயு வைத்து முதல் மரண தண்டனை நிறைவேற்றியதும் இங்கேதான், 1924இல். கைதிகளுக்கென்றே உள்ளே ஒரு கேசினோ 1932 முதல் 1967 வரை நடந்தது. முதல் சட்டமன்றம் கூடிய இடத்தின் கதை எங்கெல்லாம் போயிருக்கிறது பாருங்கள். ஒரு பாதுகாப்புச் சங்கம் வழிகாட்டியோடு சுற்றிக் காட்டுகிறது, முன்கூட்டிப் பதிவு செய்ய வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கு இது வேண்டாம்.

குறை என்று சொன்னால் ஒன்றுதான், அது யாருடைய தப்பும் இல்லை. இது மாநிலம் முழுமைக்குமான மியூசியம். பாறை, மாமத், பறவை, சுரங்கம், காசு, கூடை எல்லாம் வர வேண்டும், அதில் ஒரு தனி மனிதரின் வாழ்க்கையை முழுக்கச் சொல்ல முடியாது. கர்ரியை நீங்கள்தான் நாணயச் சாலை, வீடு, கேபிட்டல், ஜெயில் என்று நாலு இடத்தில் பொறுக்கிச் சேர்க்க வேண்டும். அதைச் சேர்க்கிற சுகம் எனக்குப் பிடித்திருந்தது. எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே வேண்டும் என்பவர்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ரீனோ விமான நிலையத்திலிருந்து அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். நுழைவுக் கட்டணம் குறைவு, சிறுவர்களுக்கு இலவசம், திங்கட்கிழமை விடுமுறை, கிளம்பும் முன் நேரத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் முதல் வேலையாக மியூசியம், அச்சு இயந்திரம் ஓடும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு அதைச் சுற்றி மற்ற அறைகளைப் பாருங்கள். மதியம் நீலக் கோட்டில் நடந்து கர்ரி வீடு, அங்கிருந்து கேபிட்டல். கேபிட்டலுக்குக் கட்டணம் இல்லை, மேல்மாடியில் பழைய அவை அறையைக் காட்சிக்கூடமாக வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே இப்போதைய சட்டமன்றக் கட்டடம். ஒற்றைப்படை வருடங்களில் மட்டும், அதுவும் 120 நாள்தான் கூடுகிறார்கள். பிப்ரவரியிலிருந்து மே வரை போனால் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து விவாதம் கேட்கலாம், யாரும் தடுப்பதில்லை. கோடையில் வெயில் கடுமை, உயரமும் நாலாயிரத்து எழுநூறு அடிக்கு மேல், தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். ஜெயில் சுற்றுக்குப் போவதாக இருந்தால் அதற்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள், ஒரே நாளில் இரண்டையும் அடைத்தால் எதையும் ஒழுங்காகப் பார்க்க முடியாது.